தென்கரையில் ஒரு வளைகாப்பு

வேன் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் ராசாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மருமகள் அமுதாவின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்திருந்தார். அந்த மணிக்கட்டில் ஒரு வளையல்கூட இல்லை. இல்லைதானே என்று விரலால் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வளையல்கள் எல்லாம் என் மடியில் இருந்தன. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், ஒரு அட்டைப்பெட்டி நிறைய. வேன் குதிக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் கலகலவென்று சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராம சுகாதார நர்ஸ் ஸ்டெல்லா என் முழங்கையில் கிள்ளினாள்.

“அக்கா, பெட்டியை இறுக்கிப் பிடிங்க. சத்தம் கேட்டா அந்தம்மா இறங்கிடப் போறாங்க.”

பிடித்தேன். கறுப்புக் கோட்டு போட்ட காலத்திலிருந்து எத்தனையோ தீர்ப்பு நாட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தீர்ப்புக்கும் எனக்கு இப்படிப் படபடத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் போகிற பிள்ளை மாதிரி உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. ஜன்னல் வழியாக மே மாதத்து அனல் அடித்தது. கீழே ஒரே மணல். ஓரமாக ஒரு கோடு போலத் தண்ணீர். அந்தக் கோட்டைத் தாண்டத்தான் இத்தனை பாடு.

“தாண்டியாச்சா?” கண்ணைத் திறக்காமலே ராசாம்பாள் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம்தாங்க.”

“அதுக்கப்புறம் காவேரி வேற இருக்கே.”

“இருக்கு. அதையும் தாண்டிடலாம்.”

வளைகாப்புப் பெண்ணை வெறுங்கையோடு இரண்டு ஆறு தாண்டிக் கூட்டிக்கொண்டு போன கூத்து எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோர்ட்டில்தான் நேராகப் பேச வரும்.

தமிழரசியின் வழக்கு

திருவெள்ளறையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது ராசாம்பாளின் ஊர். பேர் வேண்டாம். இன்றைக்கும் எனக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கொடுத்தனுப்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் தமிழரசி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வளைகாப்பு நடந்து சில வாரம் ஆகியிருந்தது. ஒரு காலையில் தலை பிளக்கிறது என்றாள், கண் மங்குகிறது என்றாள், அப்புறம் வலிப்பு வந்துவிட்டது. ரத்தக்கொதிப்பு எகிறிப்போயிருக்கிறது. ஆம்புலன்ஸ் வண்டி எங்கோ தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து, ஏற்றி, பறந்தார்கள். கொள்ளிடம் பாலத்தின் நடுவில் தமிழரசியின் மூச்சு நின்றது. வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. அவள் தலை அம்மாவின் மடியில்தான் இருந்தது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள் என்று உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. விசாரித்தார்கள். வலிப்பு எப்போது, போன் எப்போது, வண்டி எப்போது என்று எல்லாம் கேட்டார்கள். அந்த விசாரணை முடிந்த மறுநாள் ஸ்டெல்லா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாயைத் திறக்குமுன் அழுதுவிட்டாள்.

“அக்கா, அடுத்த தடவையும் வண்டி தூரத்துலேருந்துதான் வரும். ஏதாவது பண்ணுங்க.”

மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட்டேன். கொள்ளிடத்தின் வடகரையில் எப்போதும் ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், ஆபத்து அறிகுறி தெரிந்த கர்ப்பிணிகளைத் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமாக முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அலைந்தேன், கத்தினேன், வாய்தா மேல் வாய்தா. கடைசியில் கேட்ட இரண்டும் கிடைத்தன.

அன்றைக்கு ஸ்டெல்லாவும் நானும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம். “இனிமே அந்தப் பக்கத்துல ஒருத்தி சாவாளான்னு பாத்துடலாம்” என்று நான் மீசை இல்லாத குறையாக முறுக்கினேன். வண்டியும் வந்தது. புது பெயின்ட் வாசனையோடு வந்து நின்றது.

அந்த வண்டி வந்த கொஞ்ச நாளில் ராசாம்பாளின் மருமகளுக்கே கால் வீங்கத் தொடங்கியது.

தீவுக்காரியின் சிரிப்பு

அமுதா முசிறிப் பக்கத்துப் பெண். தாய் இல்லாதவள். அதனால் மசக்கையிலிருந்து அவளுக்கு எல்லாமே மாமியார்தான். கணவனுக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். அவளுக்கும் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாம் மாசம் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ராசாம்பாள் “சரிங்க” என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், “அவ ஆத்தைத் தாண்ட மாட்டா” என்றார். அவ்வளவுதான்.

கர்ப்பிணி ஆறு தாண்டக்கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் ஸ்ரீரங்கத்துக்காரி. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவில் நாங்கள். ஆறு தாண்டாமல்தான் கர்ப்பம் சுமக்கணும் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டைக்கூடப் பார்க்க முடியாது. என் அம்மா என்னைச் சுமந்துகொண்டே டவுனுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போனவள். பயமா இல்லையா அம்மா என்று போனில் கேட்டேன்.

“என்ன பயம்? பெருமாளே ரெண்டு நதிக்கு மத்தியிலதானே சயனிச்சிண்டிருக்கார். காவேரியைச் சேவிச்சுட்டு பஸ் ஏறிடுவேன். உக்கார இடம் கிடைக்குமான்னுதான் கவலையா இருக்கும்” என்றாள்.

இதை அப்படியே கொண்டுபோய் ராசாம்பாளிடம் சொன்னேன். கோர்ட் உத்தரவைச் சொன்னேன். ஸ்டெல்லா அமுதாவின் வீங்கிய காலில் கட்டை விரலை அழுத்தி, விழுந்த குழியைக் காட்டினாள். ராசாம்பாள் எங்களுக்கு நீர்மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“போயிட்டு வாங்க வக்கீலம்மா. அவ தாண்ட மாட்டா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மண்ணச்சநல்லூர் வரும்வரை ஸ்டெல்லாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

மைக்கும் மசால் கடலையும்

மே தினத்துக்குக் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம், கரகரக்கும் மைக், பேப்பர் பொட்டலத்தில் மசால் கடலை. ஊராட்சித் தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்மானங்களை மளமளவென்று படித்துத் தள்ளினார். கடலை தீர்ந்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து ஸ்டெல்லா எழுந்தாள். வருகிற வாரம் ஊர்க் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அங்கன்வாடியில் அரசாங்க வளைகாப்பு, வளையல் வந்துவிட்டது, கலந்த சாதம் உண்டு என்று அறிவித்தாள். கைதட்டினார்கள். அதன்பின் நான் மைக்கைப் பிடித்து, கர்ப்பிணியின் உரிமை, கோர்ட் உத்தரவு, ஆம்புலன்ஸ் என்று ஒரு மூச்சுப் பேசினேன். அதற்கும் கைதட்டினார்கள். நான் உட்காரப் போகும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ராசாம்பாள் எழுந்தார்.

“வக்கீலம்மா, என்னை ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சுப் பேசறீங்க. இவளை ஸ்கேன் எடுக்க டவுனுக்கு எத்தனை தடவை நானே பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்கேன். அப்பல்லாம் ஆத்தைத் தாண்டலையா? நீங்க கூப்பிடற நேரத்துக்கு வளையல் போட்டிருப்போம், வளையல் போட்ட கையோட தாண்டக்கூடாதுன்னுதான் சொல்றேன். என் மக அப்படித்தான் போனா. கை உதறிக்கிட்டே இருந்துச்சு, வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சு. பாலத்து மேல அந்தச் சத்தம் நின்னுடுச்சு.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடலை கொறிக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

மைக்கைக் கீழே வைத்தேன். அதே நேரத்தில் என் வக்கீல் புத்தி உள்ளே துள்ளிக் குதித்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. யாராவது ஒரு நிபந்தனையைச் சொன்னால், அது எதுவரை செல்லும், எதிலிருந்து செல்லாது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. வளையல் போடும்வரை ஆற்றைத் தாண்டலாம். போட்டுவிட்டால் பிள்ளை பிறக்கும்வரை கூடாது. சரி, வளையலைப் போடுவது யார்? நாங்கள்தான். அடுத்த வாரம், மைக் செட்டோடு, இதே ஊரில்.

கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரியோடு சேர்த்துவைக்க நடத்துகிற விழா, இந்த ஊரில் அவர்களை வடகரையிலேயே பூட்டிப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வருஷா வருஷம் நடத்தி, போட்டோவும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தமிழரசிக்கு நடந்த விசாரணையில் வளையலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கணும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

திரும்பினால் ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் அதே நொடியில் பொறி தட்டியிருக்கிறது.

“வளைகாப்பை டவுன்ல வச்சுக்கிட்டா?” என்றாள்.

தலைவர் பதறினார். “ஊர் வளைகாப்பை ஊரை விட்டு ஊர் போயி நடத்தறதா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சா சிரிக்கட்டும். உசுரோட இருந்து இந்தப் பொண்ணுங்களும் சேந்து சிரிக்கட்டும்” என்றாள் ஸ்டெல்லா.

ராசாம்பாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “நல்லாத்தான் இருக்கு. அங்க வளையலைப் போட்டுட்டு, திரும்பி எப்படி வருவா? மறுபடியும் ஆத்தைத் தாண்டணுமே.”

“வர வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. “புள்ளை பொறக்கற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.”

ராசாம்பாள் என்னை, ஸ்டெல்லாவை, அப்புறம் ஜமுக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அமுதாவைப் பார்த்தார். அந்தக் கால்கள் அன்றைக்கு இட்லி மாதிரி உப்பியிருந்தன.

“கூட நானும் இருக்கலாமா?”

“நீங்க இல்லாம எப்படிங்க?”

ஆபத்து அறிகுறி உள்ள கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு தென்கரையில் நடத்தப்படும் என்று தலைவர் தீர்மானம் எழுதினார். எழுதி முடித்தவர், “இந்தியாவுலேயே இப்படி ஒரு தீர்மானம் நாமதான் போட்டிருப்போம்” என்று நெஞ்சை நிமிர்த்தினார். சற்றுமுன் சிரிப்பார்கள் என்று பயந்தது அவர்தான்.

இரண்டாவது ஆறு

இப்போது வேனுக்கு வாருங்கள். கொள்ளிடத்தைத் தாண்டியதும் ராசாம்பாள் ஒரு கண்ணைத் திறந்தார். என் ஊர் வந்தது. வெள்ளைக் கோபுரம் தலையைக் காட்டியது, பூக்கடை வாசனை வந்தது, ட்ராஃபிக்கும் வந்தது. காவேரிப் பாலத்தில் ஏறும்போது மறுபடி கண் மூடியது. இந்தமுறை அமுதா குனிந்து மாமியாரின் காதில் ஏதோ சொன்னாள். ராசாம்பாள் கண்ணை மூடியபடியே சிரித்தார். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இடம் பிடித்தது ஸ்டெல்லா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கன்னியர் மடம். அதன் மாணவியர் விடுதி கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்தது. அங்கே வார்டனாக இருந்த சிஸ்டர், நம் ஸ்டெல்லாவுக்குச் சின்னம்மா முறை. மாதா படம் மாட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் வளைகாப்பு என்றதும், ராசாம்பாள் முகம் சுளிப்பாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் படத்தை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்.

“கையில புள்ளையோடதானே நிக்கறாங்க. நல்ல இடம்தான்” என்றார்.

அப்புறம் என்ன, கூடமே அமர்க்களப்பட்டது. முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். விடுதிச் சமையற்காரம்மா யாரும் கேட்காமலே நலங்குப் பாட்டை எடுத்துவிட்டார், அதுவும் நல்ல கணீர்க் குரல். சிஸ்டர் தயங்கித் தயங்கி அமுதாவுக்கு ஒரு வளையலை மாட்டிவிட்டு, தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். துவாக்குடியிலிருந்து ஓடிவந்த கணவன் வாசல் ஓரம் நின்று புளிசாதத்தை ஒரு கை பார்த்தான். தன் முறை வந்தபோது ராசாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளையலாக மாட்டி, கடைசி வளையலை மாட்டியதும் அமுதாவின் கையைத் தூக்கிக் குலுக்கினார். சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார்.

நான் அழுதேன். ஸ்டெல்லாவும் அழுதாள். தேங்காய் சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

விடுதி வாசலில்

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். ஒரு மத்தியானம் ஸ்டெல்லாவிடமிருந்து போன்.

“அக்கா, ஓடி வாங்க. அமுதாவைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போக ஊர்லேருந்து வேன் போட்டுட்டு வந்திருக்காங்க.”

கையில் கிடைத்த பையில் கோர்ட் உத்தரவைத் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் எனக்குள் வாதம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பத்தியிலிருந்து ஆரம்பிப்பது, எந்தக் குரலில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

விடுதி வாசலில் ராசாம்பாளின் கொழுந்தனார் நின்றிருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். “ஆத்தாளுக்குத் திருவிழா. வீட்டுப் பொண்ணு ஊர்ல இல்லைன்னா தெய்வக் குத்தம். மூணு நாள்தான் அண்ணி, கொண்டாந்து விட்டுடறோம்.”

அமுதா பையை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேச அவளுக்குப் பழக்கமில்லை. சிஸ்டர் ஜபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பையைத் திறந்து காகிதத்தை உருவினேன்.

உருவிய கை அப்படியே நின்றது. ராசாம்பாள் முன்னால் வந்துவிட்டார். மருமகளின் கையை எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கினார். பச்சையும் சிவப்பும் முழங்கைவரை சரிந்து விழுந்தன.

“வளையல் போட்டாச்சு. ஆத்தைத் தாண்ட மாட்டா.”

“அண்ணி, அதுக்கில்ல...”

“என் வீட்டுல அந்தத் தப்பு ஒரு தடவை நடந்தாச்சு. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க.”

நீர்மோர் கொடுக்காதது ஒன்றுதான் குறை. எங்களை அனுப்பிய அதே பேச்சு, அதே குரல். கொழுந்தனார் மீசையைத் தடவினார், வேனைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். நான் கோர்ட் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எந்த வழக்கிலும் வாயை மூடிக்கொண்டதில்லை.

ஊரில் தேரோடிய அன்று காலையில் அமுதாவுக்குத் தலை வலித்தது. கண் மங்குகிறது என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் ராசாம்பாளுக்கு மனப்பாடம். செருப்புகூடப் போடாமல் மருமகளைக் கைத்தாங்கலாகத் தெருவைத் தாண்டி நடத்திக்கொண்டு போனார். தாண்ட வேண்டியிருந்தது அந்தத் தெரு ஒன்றுதான். வலிப்பு வருவதற்கு முன்பே ஊசி ஏறிவிட்டது. மத்தியானம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் கண் விழித்து, முதலில் தண்ணீர் கேட்டாள். கழற்றிய வளையல்களில் ஒரு ஜோடியை ராசாம்பாள் அங்கிருந்த நர்ஸின் கையில் மாட்டிவிட்டார். பிரசவம் பார்த்தவருக்கு வளையலைக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

தையல் ஆறி, பிரஷர் இறங்கி, அவர்கள் ஊர் திரும்பும் நாளில் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். போகிற வேலை ஒன்றுமில்லை, விட மனசில்லை. காவேரிப் பாலத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே வந்தோம். கொள்ளிடம் வந்தது. நான் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன், ராசாம்பாள் கண்ணை மூடுவார் என்று.

மூடவில்லை. குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கி, ஜன்னல் பக்கம் நிமிர்த்திப் பிடித்தார்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா ஓட்டு” என்றார் டிரைவரிடம். “இவ அவ அத்தையைப் பாத்துட்டு வரட்டும்.”